ஒற்றையரை விட்டு இரட்டையருக்கு மாறினால் பிழைப்பு ஓடுமா?

கேள்வி இதுதான்: டென்னிஸ் ஆட்டக்காரர், வயது 24. ஒற்றையர் தரவரிசை இரண்டு வருடமாக 450-ஐச் சுற்றியே நிற்கிறது. சர்வும் வாலியும் (பந்து தரையில் படும் முன் அடிப்பது) நன்றாக வருகின்றன. முழுநேர இரட்டையர் ஆட்டக்காரராக மாறினால் வருமானம் வருமா, எத்தனை வருடம் ஆடலாம், எங்கே சிக்கல் வரும்?

பிழைப்பு ஓடும். ஆனால் முதல் எழுபது, எண்பது இடங்களுக்குள் நுழைகிற வரை கைக்காசு போட்டுத்தான் ஆட வேண்டியிருக்கும். அங்கே போய்ச் சேர சர்வும் வாலியும் எவ்வளவு முக்கியமோ, யாருடன், எந்த வாரம், எந்தப் போட்டியில் பெயர் கொடுக்கிறோம் என்கிற கணக்கும் அவ்வளவு முக்கியம். கை நன்றாக இருந்தும் 150-வது இடத்தில் தேங்கிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் புள்ளிகள். ஆண்கள் பக்கம் கீழ்ப்படி சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்15, எம்25 போட்டிகள். அதற்கு மேல் ஆண்கள் தொழில்முறை அமைப்பான ஏடிபியின் சேலஞ்சர், 50 முதல் 175 வரை. பிறகு ஏடிபி 250, 500, மாஸ்டர்ஸ் 1000. உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம்கள். பெயரில் இருக்கும் எண்தான் பட்டம் வென்றால் கிடைக்கும் புள்ளி. கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2000. பெண்கள் பக்கமும் டபிள்யூ15-இல் தொடங்கி டபிள்யூடிஏ 1000 வரை இதே மாதிரிப் படிக்கட்டுதான். புள்ளி ஜோடியின் பெயரில் சேராது, ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாக ஏறும். 52 வாரம் ஆனதும் உதிர்ந்துவிடும்.

இந்தப் படிக்கட்டு மேலே போகப் போக அகலமாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் 64 ஜோடிகள். முதல் சுற்றில் தோற்றால் புள்ளி கிடையாது. ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு அடுத்ததில் தோற்றாலும் 90 புள்ளி. சேலஞ்சர் 75 பட்டத்துக்கு நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், கிடைப்பதோ 75. ஏடிபி 250-இல் 16 ஜோடிகள். ஒரு ஆட்டம் ஜெயித்தாலே காலிறுதி, 45 புள்ளி. எம்25-இல் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கினாலும் 50-தான். அதனால் எம்15, எம்25-இல் பட்டம் குவித்து முதல் நூறுக்குள் போய்விடலாம் என்று நினைத்தால் நடக்காது. 300-ஐ நெருங்கியதும் சேலஞ்சருக்கு நகர்ந்துவிட வேண்டும். அதற்காக இடம் கிடைக்கிற பெரிய போட்டியில் எல்லாம் போய் விழக் கூடாது. முதல் சுற்றுத் தோல்விக்குப் பூஜ்யம்தான் என்பதால், மேலே போய் நான்கு வாரம் தொடர்ந்து தோற்றால் ஒரு மாதம் முழுக்க வெறும் செலவு. நேரடியாக இடம் கிடைக்கிற மட்டத்தில் மூன்று வாரம், அதற்கு ஒரு படி மேலே ஒரு வாரம் என்று கலந்து ஆடுவது நல்லது.

இடம் எப்படிக் கிடைக்கிறது? இருவரின் தரவரிசையையும் கூட்டுவார்கள். 60-வது இடத்தில் இருப்பவரும் 110-வது இடத்தில் இருப்பவரும் சேர்ந்தால் 170. தொகை குறைவான ஜோடிக்கு முன்னுரிமை. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒற்றையர் தரவரிசை மேலாக இருந்தால் அதைக் காட்டியும் இரட்டையருக்குப் பதியலாம். ஒற்றையரில் 40-வது இடத்தில் இருப்பவர், இரட்டையரை ஒரு பயிற்சியாக மட்டுமே நினைப்பவர், 120-வது இடத்து நண்பரைச் சேர்த்துக்கொண்டால் தொகை 160. வருடம் முழுக்க சேர்ந்தே ஆடி இருவரும் 85-க்கு வந்திருக்கும் ஜோடியின் தொகை 170. வெளியே நிற்பது அந்த ஜோடிதான். நியாயமா என்ற விவாதம் பல வருடமாக ஓடுகிறது. கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்பது போட்டி நடத்துபவர்களுக்குத் தெரியும், அதனால் இது சீக்கிரம் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் இதே வில்லங்கம் சில சமயம் நமக்கும் உதவும். ஒற்றையர் ஆடுகிறவர்கள் உடம்பு வலி, அடுத்த ஊர்ப் பயணம் என்று கடைசி நேரத்தில் இரட்டையரிலிருந்து விலகுவது சகஜம். அப்போது மாற்று ஜோடி உள்ளே வரும். மாற்று ஜோடியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் பயனில்லை. முதல் சுற்றின் கடைசி ஆட்டம் தொடங்குகிற வரை மைதானத்திலேயே, ஷூவும் ராக்கெட்டுமாக, உடம்பைச் சூடாக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். பார்ட்னரும் அதே ஊரில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பார்ட்னர். இந்தத் தொழிலில் எடுக்கிற முடிவுகளில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பக்கம் ரிட்டர்ன் ஆடுகிறார், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கிறார் என்பது. வலப் பாதியான டியூஸ் பக்கம், இடப் பாதியான அட்வான்டேஜ் பக்கம் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேலை வேறு. 30-40, 40-30 போன்ற கேமை முடிக்கிற புள்ளிகள் அட்வான்டேஜ் பக்கத்தில்தான் விழுகின்றன. அங்கே நிற்பவருக்கு நெஞ்சழுத்தம் வேண்டும், வலக்கைக்காரர் என்றால் வெளியே இழுத்துப் போடும் சர்வை பேக்ஹேண்டில் தாழ்வாகத் திருப்பத் தெரிய வேண்டும். இடக்கைக்காரர் ஒருவர் கிடைத்தால் இரண்டு வழி உண்டு. அட்வான்டேஜ் பக்கம் நிறுத்தினால் இருவருக்கும் ஃபோர்ஹேண்ட் வெளிப்பக்கம் இருக்கும், நடுவில் இரண்டு பேக்ஹேண்ட். டியூஸ் பக்கம் நிறுத்தினால் நடுவில் இரண்டு ஃபோர்ஹேண்ட், வெளிப்பக்கம் பலவீனம். அமெரிக்க ஜோடியான பிரையன் சகோதரர்களில் இடக்கை பாப் அட்வான்டேஜ் பக்கமும் வலக்கை மைக் டியூஸ் பக்கமும் ஆடினார்கள். இருவர் ரிட்டர்னையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர இதில் சூத்திரம் கிடையாது. இருவருமே ஒரே பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்றால் ஒருவர் மாறியாக வேண்டும். புதுப் பக்கம் கைவரச் சில மாதமாவது ஆகும். "இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

அடுத்தது நாட்காட்டி. பார்ட்னர் ஒற்றையரும் ஆடுகிறவரா? ஆம் என்றால் அவர் ஒற்றையரில் நன்றாக ஆடும் வாரம் நமக்குக் கெட்ட வாரம்: சனிக்கிழமை ஒற்றையர் அரையிறுதியில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வருபவர் இரட்டையரில் பாதி ஆள்தான். அவர் ஒற்றையரில் மேலே போகப் போக வேறு நாட்டில் வேறு மட்டத்தில் ஆடப் போய்விடுவார். ஆரம்பத்தில் நுழைவுக்காக இப்படிப்பட்டவர் உதவுவார். நிலைத்து நிற்க முழுநேர இரட்டையர்காரர் வேண்டும்.

எவ்வளவு காலம் சேர்ந்து ஆடுவது? பத்து, பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதே நல்லது. மூன்று தோல்வி வந்ததும் பிரிகிற ஜோடிகள் ஏராளம், அதில் பாதி அவசர முடிவு. இரட்டையர் ஸ்கோர் முறை அப்படிப்பட்டது: நான்கைந்து புள்ளிகளில் ஆட்டமே திசை மாறும், நன்றாக ஆடியும் தோற்கலாம். வெற்றி, தோல்வியை எண்ணுவதைவிட ஒரு செட்டுக்கு எத்தனை பிரேக் பாயின்ட் (எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கக் கிடைக்கும் புள்ளி) உருவாக்கினோம், எத்தனை கொடுத்தோம் என்று எழுதி வைத்துப் பார்த்தால் ஜோடி தேறுமா என்பது தெரியும். உருவாக்குவது அதிகமாக இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தால் பொறுமை வேண்டும். உருவாக்கவே முடியவில்லை என்றால் பிரச்சினை ரிட்டர்னில் இருக்கிறது, சேர்ந்தே இருந்தாலும் அது தானாகத் தீராது.

நீண்ட உறவின் பலனுக்கு பிரையன் சகோதரர்களின் 119 பட்டங்களும் 16 கிராண்ட் ஸ்லாம்களும், டாட் உட்பிரிட்ஜ் - மார்க் உட்ஃபோர்ட் ஜோடியின் 61 பட்டங்களும் சாட்சி. ஆனால் 2018-இல் பாப் இடுப்புக் காயத்தால் ஒதுங்கியபோது மைக் பிரையன் ஜாக் சாக்குடன் சேர்ந்து அதே வருடம் விம்பிள்டனும் யுஎஸ் ஓப்பனும் ஜெயித்தார். டேனியல் நெஸ்டர் மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம்களை மார்க் நோல்ஸுடன் வென்றுவிட்டு, விம்பிள்டனை நெனாட் ஜிமோன்யிச்சுடன் 2008-இல்தான் பிடித்தார். பிரிவது பாவமில்லை. பிரியும் முறைதான் முக்கியம்: அடுத்த போட்டிகளின் பதிவு முடிவதற்கு முன்பே நேரில் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் வேறொருவருடன் பெயர் வந்த பிறகு பார்ட்னருக்குத் தெரிய வந்தால், அந்தச் செய்தி வீரர்கள் உணவறையில் ஒரே நாளில் பரவிவிடும். அதற்குப் பிறகு நல்ல ஆட்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். 2006 முதல் ஏடிபி சுற்றில் 40-40 ஆனதும் ஒரே புள்ளியில் கேம் முடியும், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக், அதாவது பத்துப் புள்ளி வரை போகும் ஒரே நீண்ட கேம். கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் மூன்றாவது செட் முழுதாக உண்டு. விம்பிள்டன் 2022 வரை ஐந்து செட் வைத்திருந்து 2023-இல்தான் மூன்றுக்கு இறங்கியது. 40-40-இல் வரும் அந்த ஒற்றைத் தீர்வுப் புள்ளியில் எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடிதான் முடிவு செய்யும். அதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்: இந்த சர்வருக்கு எதிராக யார், மற்றவருக்கு எதிராக யார். நின்று நிதானமாக யோசிக்க அங்கே நேரம் இருக்காது. கலப்பு இரட்டையரில் இந்தத் தேர்வு கிடையாது. ஆண் சர்வ் போட்டால் ஆணும், பெண் போட்டால் பெண்ணும்தான் வாங்க வேண்டும்.

பத்துப் புள்ளி டைபிரேக்கில் பலர் பயன்படுத்தாமல் விடும் ஒரு விதி உண்டு. அதை ஒரு புது செட் மாதிரி நடத்துவதால், ஜோடிக்குள் யார் முதலில் சர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் வாங்குவது என்பதை அப்போது மாற்றிக்கொள்ளலாம். இடையில் 120 வினாடி ஓய்வும் உண்டு. இரண்டு செட்டும் சூரியனைப் பார்த்து சர்வ் போட்டுத் தடுமாறியவரைப் பின்னுக்குத் தள்ள அதுதான் சமயம்.

ஒற்றையரிலிருந்து வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் அடி வாங்குவது ரிட்டர்னில்தான். ஒற்றையரில் நெட்டுக்கு மேல் மூன்றடி உயரத்தில் போகும் ஆழமான ரிட்டர்ன் நல்ல ரிட்டர்ன். இரட்டையரில் அதே பந்தை நெட்டில் நிற்பவர் குறுக்கே பாய்ந்து கொன்றுவிடுவார். இங்கே வேண்டியது நெட்டை உரசுகிற மாதிரி போய், சர்வ் போட்டுவிட்டு முன்னே ஓடி வருபவரின் காலடியில், சர்வீஸ் கோட்டருகே தாழும் பந்து. நெட்டிலிருந்து 6.40 மீட்டரில் இருக்கும் அந்தக் கோட்டருகே குனிந்து, நெட் உயரத்துக்குக் கீழிருந்து வாலி எடுக்க வேண்டியவர் பந்தை மேல் நோக்கித்தான் தூக்க முடியும். அது நம் பார்ட்னருக்கு விருந்து. ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டாவது சர்வுக்கு எதிராகப் பக்கத்துக்கு 40 ரிட்டர்ன், அதில் எத்தனை எதிராளியின் இடுப்புக்குக் கீழே விழுந்தது என்று எண்ணுங்கள். நெட்காரர் தலைக்கு மேல் லாப் போடும் ரிட்டர்னையும் செட்டுக்கு இரண்டு தடவையாவது காட்டினால்தான் அவர் நெட்டை ஒட்டி நிற்கப் பயப்படுவார்.

சர்வில் வேகத்தைவிட முதல் சர்வ் உள்ளே விழுவது முக்கியம். இரண்டாவது சர்வ் என்றதும் எதிராளி ஒரு அடி முன்னே வந்துவிடுவார், நெட்டில் நிற்கும் நம் ஆளே அவருக்கு இலக்கு. முழு வேகத்தில் பத்துக்கு ஐந்து விழுவதைவிட சற்றே குறைத்து ஏழு விழுவது லாபம். பெரும்பாலான சர்வ் நடுக்கோட்டுப் பக்கமும் உடம்பை நோக்கியும் போக வேண்டும். வெளியே இழுத்தால் எதிராளிக்கும் கோணம் திறக்கிறது, இரட்டையரில் மட்டும் கணக்கில் வரும், 1.37 மீட்டர் அகலமுள்ள பக்கவாட்டுச் சந்து வழியாக அடிப்பார். ஐ அமைப்பில், அதாவது நெட்காரர் நடுக்கோட்டில் குந்தி உட்காரும் முறையில், முதுகுக்குப் பின்னால் காட்டும் கைச்சாடை இரண்டு விஷயம் சொல்லும்: சர்வ் எங்கே, நான் எந்தப் பக்கம் போகிறேன். சர்வர் அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பந்தைத் தட்ட வேண்டும்.

நெட்காரர் குறுக்கே பாய வேண்டிய கணம், எதிராளியின் ராக்கெட் பின்னாலிருந்து முன்னே வரத் தொடங்கும் கணம். அதற்கு முன் அசைந்தால் அவர் பார்த்துச் சந்துக்குள் அடித்துவிடுவார், பிந்தினால் பந்து போயிருக்கும். பக்கவாட்டில் ஓடக் கூடாது, நெட்டை நோக்கிச் சாய்வாக முன்னேற வேண்டும். ஒரு செட்டில் சந்து வழியாக ஒரு பந்துகூடப் போகவில்லை என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை, நீங்கள் போதுமான அளவு அசையவில்லை. இன்னொன்று: சர்வ் தரையில் படும் முன் ரிட்டர்ன் ஆடுபவரின் பார்ட்னர் மேல் பட்டாலும் புள்ளி சர்வ் பக்கத்துக்கே. நெட்டில் சும்மா நிற்கிறோம் என்று பாதையில் நிற்காதீர்கள்.

பணம். பரிசுத் தொகை ஜோடிக்கு என்று அறிவிக்கப்படுகிறது, பாதிதான் நம்முடையது. 2025 விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் வெற்றியாளருக்கு 30 லட்சம் பவுண்டு. இரட்டையர் வென்ற ஜோடிக்கு 6,80,000, ஆளுக்கு 3,40,000. ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு. கீழே போனால் இன்னும் மோசம்: மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள போட்டியில் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடிக்கு ஆயிரம் டாலர்கூடத் தேறாது. பல நாடுகளில் பரிசிலேயே வரியைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவருக்கு வழக்கமாக 30 சதவீதம். பிடித்தம் செய்த சான்றிதழை ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கி வைக்காவிட்டால் சொந்த நாட்டில் அதே பணத்துக்கு இன்னொரு தடவை வரி கட்ட நேரிடும். ஏடிபி 2024-இல் தொடங்கிய குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் ஒற்றையர் தரவரிசையின் முதல் 250 இடங்களுக்குத்தான்.

செலவைக் குறைக்க ஜோடியாகச் சேர்ந்து ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொள்வது வழக்கம். கோடையில் ஜெர்மனியின் புண்டஸ்லிகா போன்ற கிளப் லீக்குகள் கைகொடுக்கும். அங்கே ஒரு மோதலில் நான்கு ஒற்றையர், இரண்டு இரட்டையர் என்பதால் ஓரளவு ஒற்றையரும் ஆடத் தெரிந்தவரைத்தான் கிளப்புகள் எடுக்கும். ஒற்றையரை ஒரேயடியாகக் கைவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் சிறிதாக இருக்கும் இடத்தில்தான் சூதாட்டத் தரகர்களும் வருவார்கள். "முதல் செட்டை மட்டும் விட்டுக் கொடு" என்று வரும் செய்தியை மறுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. உடனே டென்னிஸ் நேர்மை அமைப்பிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம்.

ஆயுள் விஷயத்தில் இரட்டையர் தாராளமானது. அரை மைதானத்தைத்தான் காக்க வேண்டும், பெரும்பாலான ஆட்டங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரோஹன் போபண்ணா மேத்யூ எப்டனுடன் 2024 ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று முதன்முறையாக உலகின் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 43. தைவானின் ஷே சு-வெய் அதே வருடம் அங்கே பட்டம் வென்றது 38 வயதில். ஆனால் குறைந்த ஓட்டமே பலருக்கு எதிரியாகிறது. செவ்வாய்க்கிழமை தோற்றால் அடுத்த ஆட்டம் அடுத்த வாரம். நடுவில் ஐந்தாறு நாள் சும்மா. எடை ஏறும், கால் மந்தமாகும். தோற்ற மறுநாளே ஒற்றையர் ஆடுகிறவர்களுக்குப் பயிற்சித் துணையாகப் போய் இரண்டு மணி நேரம் ஓடிவிடுங்கள். காயம் வருவது பெரும்பாலும் தோள், முழங்கை, கெண்டைக்கால். ஆறு மாதத்துக்கு மேல் ஆட முடியாமல் போனால் காயப்பட்ட சமயத்துத் தரவரிசையை வைத்துத் தரும் பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கு விண்ணப்பிக்கலாம்; அது நுழைவுக்கு மட்டும் உதவும்.

நாட்டு அணியையும் கணக்கில் வையுங்கள். ஒலிம்பிக்கில் இரட்டையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருப்பவர் தன் நாட்டுக்காரர் ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கலாம். 2024 பாரிஸுக்கு போபண்ணா என். ஸ்ரீராம் பாலாஜியை அப்படித்தான் அழைத்துச் சென்றார். சக நாட்டு மூத்தவர்களுடன் அவ்வப்போது பயிற்சி செய்து கண்ணில் படுவது வீண் போகாது.

ஆகவே 24 வயதில், 450-இல் இருந்து மாறுவதானால் இப்படிச் செய்யலாம். முதல் வருடம் ஒற்றையரை விட வேண்டாம். தகுதிச் சுற்றானாலும் ஆடுங்கள், அதே வாரம் இரட்டையரில் நிலையான ஒரு பார்ட்னருடன் பதியுங்கள். வருட முடிவில் இரட்டையர் தரவரிசை 250-க்குள் வந்திருந்தால் சேலஞ்சர்களுக்கு முழுமையாக நகர்ந்து ஒற்றையரைக் குறையுங்கள். இரண்டாவது வருட முடிவில் 120-க்குள் இருக்க வேண்டும். 120-க்கும் 200-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் செலவு சேலஞ்சர் ஆட்டக்காரருடையது, வருமானம் எம்25 ஆட்டக்காரருடையது. அங்கே மூன்றாவது வருடத்தையும் கழிப்பதற்கு முன் பார்ட்னரை மாற்றிப் பாருங்கள், பக்கத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் பிரேக் பாயின்ட் எண்ணிக்கை நகரவில்லை என்றால், கையில் பணம் மிச்சமிருக்கும்போதே பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படிக்கத் தொடங்கிவிடுவது நல்லது.